கணினி, இணையம்: பள்ளி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் கம்ப்யூட்டரையும் இணையத்தையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பரீட்சைக்கு எழுத வேண்டிய வரையறைகளைப் பாடப்புத்தகமே தந்துவிடும், அதனால் அவற்றை விட்டுவிட்டேன். முடிந்த இடத்தில் எல்லாம் போனிலோ பேப்பரிலோ நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டு மட்டும் போகாதீர்கள். சொல்லிக்கொடுத்தவர் சொன்னது சரியா என்று அந்த நிமிஷமே மாணவரே சோதித்துப் பார்க்கிற வசதி இந்தப் பாடத்தில் இருக்கிற அளவுக்கு வேறு பாடங்களில் கிடையாது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க முடியுமா?

முடியும். உங்கள் கையில் இருப்பதே கம்ப்யூட்டர்தான். பிராசசர், ரேம், ஸ்டோரேஜ், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி அது. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தது. பெரிய பெரிய சர்வர்களில் ஓடுவதும் அதே லினக்ஸ்தான்.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் போனிலேயே எழுதி ஓட்டிப் பார்க்க இலவச ஆப்கள் உண்டு. நீளமான புரோகிராமை அந்தச் சின்னக் கீபோர்டில் அடிப்பது கஷ்டம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் முதலில் பேப்பரில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் எந்த எண் என்னவாக மாறுகிறது என்று கையாலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் போனில் அடியுங்கள். பள்ளி லேபில் வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைத்தால் அங்கே போய் யோசிக்க ஆரம்பிக்காமல், எழுதி வைத்ததைக் கொண்டுபோங்கள்.

எல்லாமே 0, 1 என்கிறார்கள். ஏன் 0 முதல் 9 வரை வைத்துக்கொள்ளக் கூடாது?

வைத்துக்கொள்ளலாம், அப்படிப் பத்து இலக்கத்தில் வேலை செய்த இயந்திரங்களும் அந்தக் காலத்தில் இருந்தன. ஆனால் ஒரு கம்பியில் வரும் மின்னழுத்தத்தைப் பத்து அளவுகளாகப் பிரித்தால் கொஞ்சம் சூடு, கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தாலே 6 வந்ததா 7 வந்ததா என்று குழம்பிவிடும். இருக்கிறது, இல்லை என்று இரண்டே நிலை என்றால் தப்பு நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. டிரான்சிஸ்டரையும் அப்படி வேலை வாங்குவது சுலபம். இந்த ஒரு 0 அல்லது 1-தான் பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதில் 256 வித நிலைகள் சாத்தியம்.

சோதனை: விரலில் எண்ணுங்கள். மடக்கினால் 0, நீட்டினால் 1. வலது கை கட்டை விரலுக்கு 1, அடுத்ததற்கு 2, அடுத்ததற்கு 4, 8, 16, இப்படி ஒவ்வொரு விரலுக்கும் மதிப்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகட்டும். பத்து விரலில் 10 வரைதான் எண்ண முடியும் என்று நினைத்திருப்பீர்கள். 1023 வரை எண்ணலாம்.

ஆங்கில எழுத்து சரி. தமிழ் எழுத்து எப்படி 0, 1 ஆகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் போதும், எண்ணை 0, 1 ஆக்குவது நமக்குத் தெரியும். 1963-ல் வந்த ஆஸ்கி என்ற தரத்தில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ-க்கு 65, பி-க்கு 66, இப்படிப் போகும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் ஆரம்பத்தில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றிய எண்ணைத் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்துக்கொண்டார்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். டிடிபி கடைகளில் இந்தத் தொல்லை இன்றைக்கும் ஓயவில்லை.

இதற்கு வந்த தீர்வுதான் யூனிகோடு. உலகத்து எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஆளுக்கோர் எண். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். 247 எழுத்துக்கு 128 இடம் எப்படிப் போதும்? ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கிடையாது. மெய்யின் அகர வரிசை எழுத்துக்கு ஓர் எண், அதோடு சேரும் குறிக்கு ஓர் எண். "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ஐந்து எண்: த 2980, ம 2990, இகரக் குறி 3007, ழ 2996, புள்ளி 3021. பைத்தானில் இந்தச் சொல்லின் நீளத்தைக் கேளுங்கள், 5 என்றுதான் சொல்லும். இணையத்தில் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் இந்த எண் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும், ஆகவே "தமிழ்" 15 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் போதும்.

எஸ்எம்எஸ் அனுப்பும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைப் போட்டதும் வரம்பு 70 ஆகிவிடும். ஒரு செய்திக்கு உள்ள இடம் 140 பைட்தான். எஸ்எம்எஸ் யூடிஎஃப்-8-ஐப் பயன்படுத்துவதில்லை. அதன் முறையில் ஆங்கிலத்தை ஏழு ஏழு பிட்டாக அடைக்கலாம், தமிழ் வந்துவிட்டால் எல்லா எழுத்துக்கும் பதினாறு பிட் கொடுத்தாக வேண்டும். 140-ஐ எட்டால் பெருக்கி 7-ஆலும் 16-ஆலும் வகுத்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

இன்னொன்று. "கௌரவம்" என்பதைச் சிலர் கௌ என்று சரியாக அடிப்பார்கள், சிலர் "கெ" அடித்து அதன் பக்கத்தில் "ள" அடித்துவிடுவார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி தெரியும். ஆனால் எண்கள் வேறு, அதனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம். ஒரு பெயர்ப் பட்டியலில் கௌதம் என்ற பையன் "இல்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அகர வரிசைக்கும் இதே கதைதான். ல, வ, ழ, ள, ற, ன என்ற ஆறையும் பைத்தானில் வரிசைப்படுத்தச் சொன்னால் ன, ற, ல, ள, ழ, வ என்று தரும். எண் வரிசையைப் பார்த்து அடுக்குகிறது, நம் நெடுங்கணக்கு அதற்குத் தெரியாது. தமிழ் வரிசைப்படி அடுக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பாருங்கள், பிளஸ் டூ மாணவருக்கு அருமையான பயிற்சி.

1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டிஸ்க் செய்பவர் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று கணக்குப் போடுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வருகிற 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. பைட்டின் எண்ணிக்கை ஒன்றுதான், வகுக்கிற எண் வேறு. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 931 வரும்.

100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன் போட்டும் டவுன்லோடு 12 எம்பிக்கு மேல் போகவில்லை, ஏன்?

விளம்பரத்தில் இருப்பது மெகா பிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகா பைட். எட்டால் வகுங்கள்: 12.5. அதாவது உங்களுக்கு முழு வேகம் கிடைக்கிறது.

ரேமுக்கும் ஸ்டோரேஜுக்கும் என்ன வித்தியாசம்? ரேம் கிளீனர் ஆப் போடலாமா?

கரண்ட் போனதும் அழிவது ரேம், அப்படியே இருப்பது ஸ்டோரேஜ். ரேம் மிக வேகம், விலை அதிகம், அதனால் அளவு குறைவு. நீங்கள் ஓர் ஆப்பைத் திறக்கும்போது அது ஸ்டோரேஜிலிருந்து ரேமுக்கு வந்துதான் ஓடுகிறது.

கிளீனர் ஆப் வேண்டாம். எது ரேமில் இருக்க வேண்டும், எதை வெளியேற்ற வேண்டும் என்று ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும். நீங்கள் வலுக்கட்டாயமாக மூடிய ஆப்பை மறுபடி திறக்கும்போது அது முதலிலிருந்து ஏறி வர வேண்டும், பேட்டரிதான் வீணாகும்.

இன்டர்நெட், வெப் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இன்டர்நெட் என்பது கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலைப்பின்னலும் அவை பேசிக்கொள்ளும் விதிகளும். அதன் மேல் ஓடுகிற பல சேவைகளில் ஒன்றுதான் வெப். வாட்ஸ்அப் கால் பேசும்போது நீங்கள் இன்டர்நெட்டில் இருக்கிறீர்கள், வெப்சைட் எதையும் திறக்கவில்லை.

வரலாறும் வேறு வேறு. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையக் கம்ப்யூட்டருக்கு, இன்டர்நெட்டின் முன்னோடி வலைப்பின்னலான ஆர்பாநெட்டில் முதல் செய்தி போனது. "லாகின்" என்று அடிக்க ஆரம்பித்து முதல் இரண்டு எழுத்து போனதும் எதிர்ப்பக்கம் நின்றுவிட்டது. 1983 ஜனவரி 1-ல் அந்த வலைப்பின்னல், இன்றைக்கும் நாம் பயன்படுத்துகிற டிசிபி/ஐபி விதிகளுக்கு மாறியது. வெப் அதற்கெல்லாம் பின்னால் வந்தது. ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் அதை முன்மொழிந்தார். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30-ல் செர்ன் எழுதிக் கொடுத்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன், அது நடந்திராவிட்டால் வெப்சைட் வைக்கிறவர் ஒவ்வொருவரும் யாருக்காவது கப்பம் கட்டிக்கொண்டிருப்போம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, அரசு நிறுவனமான விஎஸ்என்எல் மூலம்.

ஒரு வெப்சைட் முகவரியை அடித்து என்டர் தட்டினால் உள்ளே என்னதான் நடக்கிறது?

சென்னையில் இருந்துகொண்டு தமிழ் விக்கிப்பீடியாவைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம்.

பிரவுசருக்குப் பெயர் போதாது, அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரி என்ற எண் வேண்டும். முன்பே விசாரித்துச் சேமித்து வைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரை, அதாவது பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிச் சொல்லும் கம்ப்யூட்டரை, கேட்கும். அந்த சர்வருக்கும் தெரியவில்லை என்றால் அது உச்சியிலிருந்து விசாரித்துக்கொண்டு வரும்: ரூட் சர்வரிடம் கேட்டால் "ஆர்க் என்று முடிகிற பெயர்களைப் பார்த்துக்கொள்பவர் இவர்" என்று காட்டும், அவரிடம் கேட்டால் விக்கிப்பீடியாவின் டிஎன்எஸ் சர்வரைக் காட்டுவார், அங்கே போனால் எண் கிடைக்கும். ரூட் சர்வர்களுக்கு மொத்தம் 13 பெயர்கள்தான், ஆனால் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் உண்டு. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை இது. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

எண் கிடைத்ததும் பிரவுசர் அந்தக் கம்ப்யூட்டரோடு தொடர்பு ஏற்படுத்துகிறது. விக்கிப்பீடியாவுக்கு அமெரிக்காவில் தலைமைத் தரவு மையங்கள் இருந்தாலும் சிங்கப்பூரிலும் ஒன்று இருக்கிறது, நம் பக்கத்திலிருந்து போகும் கோரிக்கை பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு வழிக்கு 15 மில்லி வினாடி. போய் வர 30. எவ்வளவு பணம் கொடுத்து எந்த பிளான் போட்டாலும் இந்த 30-ஐக் குறைக்க முடியாது. ஆன்லைன் கேமில் பிங் என்று காட்டுகிறார்களே, அதற்குள் இதுவும் அடக்கம்.

அப்புறம் இரண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை ஒப்புக்கொள்கின்றன, பிரவுசர் "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று கேட்கிறது, சர்வர் அனுப்புகிறது. முழுப் பக்கமும் ஒரே மூட்டையாக வராது. பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மிகாத பாக்கெட்டுகளாக உடைந்து வரும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு, அதனால் முன்பின்னாக வந்தாலும் அடுக்கிக்கொள்ளலாம், நடுவில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் மறுபடி அனுப்பச் செய்யலாம். வந்ததைப் படித்து எழுத்து எங்கே, படம் எங்கே என்று வரைவது பிரவுசரின் வேலை.

சோதனை ஒன்று: பக்கம் முழுவதும் வந்த பிறகு டேட்டாவை ஆஃப் செய்யுங்கள். பக்கம் அப்படியே இருக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது சர்வரில் உள்ள பக்கத்தை இல்லை, உங்கள் போனுக்கு வந்துவிட்ட நகலை.

சோதனை இரண்டு, லேபில் செய்யுங்கள்: ஏதாவது ஒரு செய்தித் தளத்தில் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். பக்கவாட்டில் விரியும் எழுத்துக்கூட்டத்தில் அந்தத் தலைப்பு இருக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்து "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று மாற்றுங்கள். பக்கத்திலும் மாறிவிடும், அதே எழுத்துரு, அதே லோகோ. ரீலோடு செய்தால் பழைய தலைப்பு திரும்ப வந்துவிடும், ஏனென்றால் நீங்கள் மாற்றியது உங்கள் நகலை மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வருகிற "செய்தி ஸ்கிரீன்ஷாட்" எவ்வளவு சுலபமாகச் செய்யக்கூடியது என்று இதைச் செய்து பார்த்தவருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், அந்தத் தளத்துக்கே போய்ப் பாருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் ஒரு முறை செய்து காட்டுங்கள்.

இன்டர்நெட் சாட்டிலைட்டில் இருந்துதானே வருகிறது?

டவர் மேலே பார்த்துக்கொண்டிருப்பதால் பலரும் அப்படி நினைக்கிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையத் தகவலில் மிகப் பெரும் பங்கு கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள் வழியாகத்தான் போகிறது. இந்தியாவில் அந்தக் கேபிள்கள் கரையேறும் முக்கியமான இரண்டு ஊர்கள் மும்பையும் சென்னையும். சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். அதுவரை அந்தத் தீவுகள் சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்தன. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் பெரிதும் பாதிக்கப்பட்டது.

சாட்டிலைட்டில் என்ன சிக்கல்? புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்கினால் ஒளி வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை வினாடி. இப்போது வருகிற ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் அந்தத் தாமதம் வெகுவாகக் குறைகிறது, ஆனால் ஒரே இடத்தில் நிற்காது என்பதால் ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டு ரவுட்டரும் பக்கத்து வீட்டு ரவுட்டரும் 192.168.1.1 என்றே இருக்கிறதே?

பழைய ஐபி முகவரி 32 பிட். மொத்தமே சுமார் 429 கோடி முகவரி, உலக மக்கள்தொகைக்கே காணாது. 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்ததால் 192.168 என்று ஆரம்பிக்கும் எண்களை வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கு என்று ஒதுக்கி, வெளியே போகும்போது ரவுட்டர் பொது முகவரிக்கு மாற்றி அனுப்புகிறது. உள் முகவரி எத்தனை வீட்டில் ஒன்றாக இருந்தாலும் பாதகமில்லை. புதிய ஐபிவி6 முகவரிக்கு 128 பிட், தீர்ந்துபோகும் கவலை இல்லை.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அந்த சைட் பாதுகாப்பானதுதானே?

உறை ஒட்டியிருக்கிறது, வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது, அவ்வளவுதான் பூட்டுக்கு அர்த்தம். உறையை வாங்குகிறவர் திருடரா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடிக்காரர்களும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பார்க்க வேண்டியது முகவரி. முதலில் வரும் ஹெச்டிடிபிஎஸ்ஸையும் அதையொட்டிய இரண்டு சாய்கோட்டையும் விட்டுவிடுங்கள். அதன்பின் வரும் முதல் சாய்கோடு எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கிருந்து இடது பக்கமாக இரண்டு சொல்லைப் படியுங்கள். "என்வங்கி.காம்.பரிசு.டாப்/லாகின்" என்று இருந்தால் அந்தத் தளத்தின் சொந்தக்காரர் "பரிசு.டாப்". முன்னால் இருக்கும் "என்வங்கி.காம்" வெறும் ஒட்டு, சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். கோ.இன், கவ்.இன் போன்றவற்றில் முடிந்தால் அதற்கு முந்தைய சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். கவ்.இன் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஸ்காலர்ஷிப், ரிசல்ட் என்று வருகிற லிங்க்குகளில் பிள்ளைகள் மாட்டுவது இங்கேதான், பரபரப்பில் இடமிருந்து வலமாக முதல் சொல்லை மட்டும் படித்துவிடுகிறார்கள்.

இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதா?

உங்கள் போனில் ஹிஸ்டரி இருக்காது, குக்கி (உங்களை அடையாளம் கண்டுகொள்ளத் தளங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்பு) அழிந்துவிடும். இணைய நிறுவனத்துக்கும் பள்ளி வைஃபையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியக்கூடும். அந்தத் தளத்தில் லாகின் செய்தால் அவர்களுக்கும் தெரியும்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டால் பழையதைச் சொல்லாமல் புதிதாக வைக்கச் சொல்கிறார்களே, ஏன்?

ஒழுங்கான தளத்துக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. அதை ஹாஷ் என்ற கணக்கில் போட்டு வருகிற விடையை மட்டும் சேமித்து வைக்கிறார்கள். விடையிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. நீங்கள் லாகின் செய்யும்போது அதே கணக்கை மறுபடி போட்டு விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு தளம் உங்கள் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பினால் அவர்கள் அதைப் படிக்கக்கூடிய விதத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே வைத்த பாஸ்வேர்டை வேறு எங்கும் வைக்காதீர்கள்.

நீளம்தான் பலம். ஆங்கிலச் சின்ன எழுத்து எட்டு என்றால் சுமார் 20,900 கோடி சேர்க்கைகள், கேட்கப் பெரிதாக இருந்தாலும் இன்றைய இயந்திரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு எழுத்தாக்கினால் அதைப்போல நாலரை லட்சம் மடங்குக்கும் மேல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வையுங்கள். பிறந்த தேதியும் நடிகர் பெயரும் வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று, வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள்: யுபிஐ பின் பணம் அனுப்பத்தான், வாங்குவதற்குப் பின் போடத் தேவையே இல்லை. யாராவது "பணம் அனுப்புகிறேன், பின் போடுங்க" என்றால் அது மோசடி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது.

அல்காரிதம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

ஒரு வேலையை முடிக்கும் படிகள், தெளிவாக, எங்காவது ஓரிடத்தில் முடிகிற மாதிரி. அதைவிட முக்கியம், நல்ல வழிக்கும் சுமாரான வழிக்கும் உள்ள தூரம்.

நண்பரை 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை நினைக்கச் சொல்லுங்கள். 1-ஆ, 2-ஆ என்று கேட்டுக்கொண்டே போனால் நூறு கேள்வி வரை ஆகலாம். 50-ஐ விடப் பெரியதா என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் ஏழு கேள்வியில் கட்டாயம் முடியும். இதுதான் பைனரி சர்ச். ஒரு லட்சம் பெயர் உள்ள, வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைக் கண்டுபிடிக்க 17 முறை பார்த்தால் போதும். பட்டியல் இரண்டு லட்சம் ஆனால்? 18. ஒன்றே ஒன்றுதான் கூடுகிறது. எத்தனை காஸ்ட்லியான கம்ப்யூட்டர் வாங்கினாலும் இந்த லாபம் கிடைக்காது, யோசித்தால் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை, பட்டியல் முதலில் வரிசையாக இருக்க வேண்டும். கௌதமும் ன-ற-ல வரிசையும் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்ப் பட்டியலில் பைனரி சர்ச் செய்யும்போது அவை இரண்டும் காலை வாரிவிடும்.

பைத்தானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வருகிறதே, பிழையா?

பிழை இல்லை. 1-ஐ 3-ஆல் வகுத்தால் நம் பத்து இலக்க முறையில் 0.333 என்று முடிவில்லாமல் போகும் இல்லையா, அதே மாதிரி பத்தில் ஒன்று இரண்டு இலக்க முறையில் முடிவில்லாமல் போகும். எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டியதன் மிச்சம்தான் அந்தக் கடைசி 4. அதனால் பணக் கணக்கு எழுதும்போது ரூபாயைத் தசமத்தில் வைக்காமல் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள்.

பைத்தான் படிக்கவா, சி++ படிக்கவா?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் இருப்பதால் இரண்டும் வந்துவிடும். தானாக ஆரம்பிப்பவர் பைத்தானில் ஆரம்பிக்கலாம். எதில் ஆரம்பித்தாலும் எர்ரர் வந்தவுடன் எல்லாவற்றையும் அழிக்காமல் அந்தச் செய்தியையும் அது காட்டும் வரி எண்ணையும் நிதானமாகப் படியுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏஐ சாட்பாட்டே புரோகிராம் எழுதித் தருகிறதே, நான் ஏன் படிக்க வேண்டும்?

அது ஏராளமான எழுத்தைப் படித்துப் பயின்று, இதற்கு அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. பெரும்பாலும் நன்றாக வரும். தப்பாக வரும்போதும் அதே நம்பிக்கையான குரலில்தான் வரும், அதுதான் ஆபத்து. எது தப்பு என்று பார்க்கத் தெரிய வேண்டும் என்றால் நீங்களே எழுதிப் பழகியிருக்க வேண்டும். முதலில் நீங்கள் எழுதுங்கள், ஓடவில்லை என்றால் எந்த இடத்தில் ஏன் நிற்கிறது என்று அதனிடம் கேளுங்கள், சொன்ன காரணம் சரியா என்று ஓட்டிப் பாருங்கள். வீட்டுப்பாடத்தை முழுசாக அதனிடம் கொடுத்தால் மார்க் வரும், லேப் தேர்வில் கை ஓடாது.

2038-ல் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்கிறார்களே?

எல்லாம் நிற்காது, ஆனால் விஷயம் கட்டுக்கதை இல்லை. பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை வினாடி ஆனது என்ற ஒற்றை எண்ணாக வைத்திருக்கின்றன. அந்த எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கி, அதில் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு எடுத்துக்கொண்டால் மிகப் பெரிய எண் 2,147,483,647. அந்த வினாடி நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு வருகிறது. அடுத்த வினாடியில் எண் கழித்தலுக்குத் தாவி, கம்ப்யூட்டர் 1901 டிசம்பரில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

இன்றைய போன்களிலும் லேப்டாப்களிலும் பெரும்பாலும் இந்த எண்ணை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கவலை எல்லாம் யாரும் தொடாமல் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்களைப் பற்றித்தான்: தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், பழைய ரவுட்டர்கள், அப்டேட் வராத கருவிகள். எதற்குள் 32 பிட் நேரம் ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும், அந்த நேரத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.